உள்சூடு

கரட்டுப்பட்டியில் மக்காச்சோளக் கதிரை ஒடித்துக் கொண்டுவந்து கொட்டுவதற்கு, ஊருக்கு வடக்கே கிடக்கும் பாறையை விட்டால் தோதான இடம் வேறு கிடையாது. இரண்டு ஏக்கருக்குக் குறையாமல் பரந்து கிடக்கிற வழுக்கைப் பாறை அது. மழைத் தண்ணீர் நிற்காது, மண் ஒட்டாது, எலி வளை தோண்ட முடியாது. தை பிறந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் அம்பாரம் போட்டு, மேலே படுதா விரித்து, ஓரத்தில் கல்லை அடுக்கிவிடுவார்கள். கதிரடிக்கும் மிஷின் வரும்வரை அது அப்படியே கிடக்கும். குஜிலியம்பாறை பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், நீலமும் கறுப்புமாகக் குட்டிக் குட்டி மலைகள் முளைத்திருப்பது போலத் தெரியும்.

அந்த வருஷம் பாறையில் ஒன்பது அம்பாரங்கள். அதில் பெரியது சோலைமுத்துவினுடையது. ஒரு ஓட்டு வீட்டின் உயரம் இருந்தது. அத்தனையும் அவருடையது இல்லை. மூன்றரை ஏக்கர் கதிர் அவருடையது, மூன்றரை ஏக்கர் கதிர் அவருடைய தம்பி மனைவி கௌசல்யாவினுடையது.

தம்பி சின்னக்கண்ணு மஞ்சள் காமாலையில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கௌசல்யா வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு இரண்டு வருஷம் போனாள். காலை ஐந்தரைக்கு வேன் வரும். மகளைத் திண்டுக்கல்லில் நர்ஸிங் சேர்த்து ஹாஸ்டலில் விட்ட பிறகு, ஒருநாள் வேனுக்குப் போகாமல் மண்வெட்டியோடு காட்டுக்குப் போய்விட்டாள். பஞ்சுத் தூசியில் இருமி இருமி நெஞ்செலும்பு வலித்தது ஒரு காரணம். சும்மா கிடக்கிற தன் காட்டைத் தினமும் வேன் ஜன்னலில் இருந்து பார்க்க முடியவில்லை என்பது இன்னொரு காரணம்.

"பொம்பள ஒண்டியா மானாவாரி பாக்க முடியாதுத்தா. எங்கிட்டயே விட்ரு, வருசத்துக்கு இம்புட்டுன்னு குடுத்துர்றேன்" என்று சோலைமுத்து சொல்லிப் பார்த்தார்.

"ஒரு வருசம் பாக்குறேன் மாமா. முடியலைன்னா வேன் எங்கயும் போயிராது."

புரட்டாசியில் பெய்த முதல் மழைக்கே அவள் விதைத்துவிட்டாள். அவசரக்குடுக்கை என்று சோலைமுத்து சிரித்தார். அடுத்த மழை வரட்டும் என்று இருபது நாள் காத்திருந்து அவர் விதைத்தார். படைப்புழு விழுந்தபோது கௌசல்யா மருந்து டேங்க்கைத் தானே முதுகில் கட்டிக்கொண்டு குருத்துக் குருத்தாக அடித்தாள். மார்கழிக் கடைசியில் அவள் காடு மட்டை வெளுத்து, கதிர் தலை கவிழ்ந்து, தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது. பக்கத்திலேயே சோலைமுத்துவின் காடு இன்னும் பச்சையாக நின்றது.

ஆனாலும் இரண்டு காட்டையும் ஒரே வாரத்தில்தான் ஒடித்தார்கள். சோலைமுத்து பழனிக்கு மாலை போட்டிருந்தார். தைப்பூசத்துக்கு நடக்க வேண்டும். கௌசல்யா டிராக்டரோடு பாறைக்கு வந்தபோது அவருடைய கதிர் முந்தின நாளே கொட்டியாகியிருந்தது, மேலே ஒரு பழைய சாக்குப் படுதாவும் போட்டிருந்தது. அவளிடம் படுதா இல்லை. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு ரெண்டு அம்பாரம்? மேலயே கொட்டு. எங்கிட்டப் புதுப் படுதா இருக்கு. மிஷின் வந்ததும் ஆளுக்குப் பாதி பிரிச்சுக்கிருவோம்" என்றார் சோலைமுத்து.

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் புருஷன் செத்த பிறகு அந்த வீட்டிலிருந்து 'நம்ம' என்கிற மாதிரி வந்த முதல் பேச்சு அது. கொட்டினாள்.

பொங்கல் கழித்து நான்கு நாள் மழை. யாரும் எதிர்பார்க்காத மழை. வெள்ளிக்கிழமை வெறித்தது. அன்று காலையில் சோலைமுத்து பச்சை வேட்டி கட்டி, தோளில் பையோடு கிளம்பினார். போகிற வழியில் பாறைக்கு வந்து படுதாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கற்களை நகர்த்தி வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் இதத் தொறக்கக் கூடாது. வெயிலடிச்சாலும் சரி. மழ எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாது" என்று தன் மனைவி பொன்னழகுவிடமும் கௌசல்யாவிடமும் சொன்னார். பிறகு ஆட்களோடு சேர்ந்து ரோட்டில் இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கௌசல்யா கல் சரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். காற்று இல்லை. வானம் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. படுதாவின் ஓரத்தைத் தூக்கியபோது உள்பக்கம் முழுக்க வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கையில் விழுந்தது. மழைத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. புளித்த இட்லி மாவு வாசனை வேறு. கதிர்களுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

பொன்னழகு வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாலை போட்ட வீடு, கவுச்சி கிடையாது, மூன்று வாரமாகக் கீரையும் பருப்பும்தான் வெஞ்சனம்.

"அக்கா, அம்பாரம் சுடுது."

பொன்னழகு நிமிரவில்லை. "மூடிக் கெடந்தா லேசாச் சூடு இருக்கத்தான செய்யும்."

"லேசா இல்லக்கா. வந்து கைய வச்சுப் பாருங்க."

"அவரு வரட்டும் கௌசல்யா. புதங்கெழம வந்துருவாரு."

"புதங்கெழமைக்கு இன்னும் மூணு நாளு கெடக்கு."

"தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருல்ல?"

கௌசல்யா மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். "நீங்க செத்த நேரம் எங்கூட வந்தா போதும்" என்றாள். பொன்னழகு கீரையை முறத்தால் மூடிவிட்டு, விருப்பமில்லாமல் பின்னால் நடந்தாள்.

அம்பாரத்தின் இடுப்பளவு உயரத்தில் கடப்பாரையைச் செருகி, கல்லால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாள் கௌசல்யா. ஒரு சாண்தான் வெளியே நின்றது.

"என்ன பண்ற?"

"மில்லுல பஞ்சு குடோன்ல ஈரமான பஞ்சுக் கட்டு, பேல்னு சொல்லுவாங்க, உள்ள சிக்கிருச்சுன்னா கம்பிய விட்டுத்தான் பாப்பாங்க. வெளிய குளுந்துருக்கும், உள்ள வெந்துக்கிருக்கும். ஒருதடவ பொக வந்தப்புறம் பாத்தாங்க, அம்புட்டுப் பேலும் போச்சு."

இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து அம்பாரத்தின் படுதா மடிப்பில் தேங்கிய தண்ணீரில் இரண்டு மைனாக்கள் குளித்துக்கொண்டிருந்தன. பொன்னழகு கால் விரலால் பாறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்து கௌசல்யா கடப்பாரையை உருவினாள். முனையில் ஆவி பறந்தது.

"பிடிங்க."

பொன்னழகு பிடித்தாள். பிடித்ததும் விட்டுவிட்டாள். கடப்பாரை பாறையில் விழுந்து கணகணவென்று உருண்டது.

"அவருக்கு ஒரு போன் போட்ருவோம்" என்றாள் பொன்னழகு.

நான்காவது தடவைதான் சோலைமுத்து எடுத்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டி நடந்துகொண்டிருந்தார். பின்னால் கூட்டம் அரோகரா போடுவது கேட்டது. கௌசல்யா கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நடக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"தொறக்காத" என்றார்.

"மாமா, கடப்பாரையத் தொட முடியல. உள்ள அவிஞ்சுக்கிருக்கு."

"தொறந்து வச்சு மழ வந்தா என்ன பண்ணுவ? ரெண்டு பொம்பளைக என்ன பண்ணுவீக? நான் வந்துர்றேன். தொறக்காதன்னா தொறக்காத." போன் நின்றுவிட்டது. மறுபடி போட்டபோது எடுக்கவில்லை.

அடுத்து அவள் இஷாக்குக்குப் போட்டாள். கதிரடிக்கும் மிஷின் அவருடையது. வீடு திண்டுக்கல் பேகம்பூரில். மிஷின் நிறுத்துகிற ஷெட் வடமதுரை ரோட்டில். வருஷத்தில் மூன்று மாதம் டிராக்டருக்குப் பின்னால் மிஷினை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். இந்தப் பக்கத்து அம்பாரங்களை எல்லாம் அவருக்குத் தெரியும்.

"பாதையில மண்ணு காயாம டிராக்டர் எறங்காது தங்கச்சி. நேத்து ஒரு ஊருல சக்கரம் பாதி பொதஞ்சு, ஜேசிபி வந்துதான் தூக்குச்சு. புதன்கிழமைக்கு முன்னாடி எம் மிஷின் வராது."

"அது வரைக்கும் இது தாங்குமா பாய்?"

"வாசம் எப்படி இருக்கு?"

"புளிச்ச வாடை."

இஷாக் உச்சுக் கொட்டுவது கேட்டது. "மூடியே வச்சிருந்தீகன்னா நான் வந்து அடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காதும்மா. பூசணம் பட்ட சோளத்தக் கோழித் தீவனக்காரன் தொடக்கூட மாட்டான். கோழி செத்துப் போகும். இன்னைக்கே பிரிச்சு வெளிய பரப்புங்க. வெயில் இல்லாட்டியும் காத்துப் பட்டாப் போதும். எங்கிட்ட ரெண்டு படுதா சும்மா கெடக்கு, கொண்டாந்து போடுறேன். மிஷின் வராட்டி என்ன, படுதா வரும்ல."

கௌசல்யா போனை இடுப்பில் செருகினாள். "நான் பிரிக்கப் போறேன்க்கா."

"அவரு வந்து என்னையத்தான் கேப்பாரு."

"நான்தான் பிரிச்சேன்னு சொல்லுங்க. என் பங்க நான் பிரிச்சேன்னு சொல்லிருங்க."

"ஒண்ணாக் கெடக்குறதுல உம் பங்கு எது, எம் பங்கு எதுன்னு எப்படிப் பிரிப்ப?"

கௌசல்யா கல்லைத் தூக்கிப் போட ஆரம்பித்தாள். மூன்றாவது கல்லைத் தூக்கும்போது மறுமுனையில் பொன்னழகு குனிந்திருந்தாள்.

தெருவில் இருந்து நான்கு பெண்கள் கூடையோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மில்லுக்குப் போகிறவர்களும் வீட்டில் இருந்தார்கள். படுதாவை ஆறு பேரும் சேர்ந்து இழுத்தபோது அம்பாரத்தின் உச்சியில் இருந்து ஆவி எழும்பியது. சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேலாக இருந்த கதிர்கள் நனைந்திருந்தன, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் மணி கல்லு போல இருந்தது. கூடை கூடையாக எடுத்துப் பாறையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார்கள். பதினோரு மணிக்கு மேகம் விலகி, சின்ன வெயில் அடித்தது. பாறை சூடாக ஆரம்பித்தது. ஒருத்தி தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவந்தாள். நின்றபடியே தின்றார்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் இஷாக் ஒரு குட்டி யானை வண்டியில் படுதாக்களோடு வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் கூடை பிடித்தார்.

பாதி அம்பாரம் இறங்கி, இடையில் நைந்து கிழிந்து கிடந்த சாக்குப் படுதாவை இழுத்துப் போட்ட பிறகுதான் நடுப்பகுதி தெரிந்தது. அங்கே கதிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. மண்வெட்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உடைத்தால் உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். சில கதிர்களில் வெள்ளையாக முளை விட்டு, வேர் பக்கத்துக் கதிரைப் பற்றிக்கொண்டிருந்தது.

கௌசல்யா ஒரு கதிரைக் கையில் எடுத்தாள். மணி வெளுத்த மஞ்சள். நகத்தால் கீறினாள். நகம் உள்ளே இறங்கி, கொழகொழவென்று வந்தது. பாறையில் பரப்பிக் கிடக்கும் கதிர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாங்கிய விதை வேறு கம்பெனி. மணி செம்மஞ்சளாக, பவுன் மாதிரி இருக்கும். மறுபடியும் குனிந்து இன்னொன்று எடுத்தாள். இன்னொன்று. எல்லாம் வெளுத்த மஞ்சள்.

அவள் பொன்னழகுவைப் பார்த்தாள். பொன்னழகு மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"பால் வத்தாமலே ஒடிச்சீகளாக்கா?"

மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். பொன்னழகு குரலைத் தாழ்த்தினாள். "பயணத்துக்கு முன்னாடி முடிச்சிரணும்னு ஒடிச்சாரு. இன்னும் பதினஞ்சு நாளு நிக்கட்டும்னு நான் சொன்னேன். கேக்கல. விட்டுட்டுப் போனா காட்டுப்பன்னி பூந்துரும்னாரு."

"அது மேலயா எங்கதிரக் கொட்டச் சொன்னாரு?"

பொன்னழகு மண்வெட்டியில் ஒட்டியிருந்த பூசணத்தைக் காலால் வழித்தாள்.

"நான் டிராக்டரோட வந்தப்ப நீங்களும் இந்தா இந்த எடத்துலதான நின்னீக."

"நின்னேன்" என்றாள் பொன்னழகு.

புருஷனைப் புதைத்த அன்றுகூடக் கௌசல்யா இந்த வீட்டு ஆட்களிடம் குரல் உயர்த்தியது கிடையாது. இப்போதும் உயர்த்தவில்லை. கையில் இருந்த கதிரைத் தூரமாக எறிந்தாள். பிறகு மண்வெட்டியைப் பொன்னழகு கையில் இருந்து வாங்கி, கட்டியை வெட்ட ஆரம்பித்தாள். வெட்டு ஒவ்வொன்றும் பாறையில் போய் இடித்தது.

நான்கு மணிக்குக் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. "ஏய், வாரிக் குமிங்கடி!" என்று யாரோ கத்தினார்கள். காய்ந்ததை வாரி வாரி ஒரு குவியலாக்கி, இஷாக்கின் படுதாவால் மூடிக் கல் வைத்தார்கள். பாதி காய்ந்ததை இன்னொரு படுதாவுக்குக் கீழே, காற்று போக நடுவில் இரண்டு கட்டைகளை நிறுத்தி, கூரை போல மூடினார்கள். கெட்டதை அப்படியே விட்டார்கள். தூறல் பத்து நிமிஷம் விழுந்துவிட்டு நின்றுவிட்டது. அதற்குள் ஆறு பெண்களும் நனைந்து, தலைமுடியில் சோள நாரோடு, பாறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சும்மாவே சிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். கௌசல்யாவும் பொன்னழகுவும் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கௌசல்யா போனபோது பொன்னழகு அவளுக்கு முன்பே பாறையில் இருந்தாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கதிர்களைப் பொறுக்கி இரண்டு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா பிரிக்கிறீக?"

"கலந்து கெடந்தா சீராக் காயாது" என்றாள் பொன்னழகு, முகத்தைப் பார்க்காமல்.

அன்றும் மறுநாளும் நல்ல வெயில். இரண்டு பேரும் காலையில் விரிப்பதும் மத்தியானம் காலால் கிண்டிவிடுவதும் சாயங்காலம் வாரி மூடுவதுமாக இருந்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. தண்ணீர் வேணுமா, இந்தப் பக்கம் கிண்டியாச்சா, இவ்வளவுதான். பொன்னழகு பொறுக்குவதை நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கில் கதிர் கையில் எடுத்து, மணியைப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கௌசல்யாவுக்குப் புரிந்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

புதன்கிழமை இஷாக்கின் மிஷின் பாறைக்கு வந்தது. அவர் மிஷின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சோலைமுத்துவும் பஸ்ஸில் வந்து இறங்கினார். மொட்டைத் தலையில் சந்தனம். கையில் பஞ்சாமிர்த டப்பா. இரண்டு காலையும் தாங்கித் தாங்கி நடந்துவந்தார்.

பாறையில் மூன்று குவியல்கள் இருந்தன. செம்மஞ்சளாக ஒரு பெரிய குவியல். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளுத்த மஞ்சளில் ஒரு சின்னக் குவியல். கொஞ்சம் தள்ளி, ஈ மொய்த்துக்கொண்டு, கறுத்த ஒரு குவியல். சோலைமுத்து மூன்றையும் பார்த்தார். கறுத்த குவியலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். படுதாவைத் திறந்தது யார் என்று கேட்கவில்லை.

"மழ வெறிச்சது வரைக்கும் லாவம்" என்றார் பொதுவாக. "சரி பாய், நல்லா இருக்குறத ஒண்ணாப் போட்டு அடிச்சிருங்க. சொன்னபடி ஆளுக்குப் பாதி எடுத்துக்கிருவோம்."

இஷாக் கௌசல்யாவைப் பார்த்தார். கௌசல்யா வாயைத் திறப்பதற்குள் பொன்னழகு பேசினாள்.

"ஒண்ணாப் போட வேணாம்."

"என்னது?"

"இது அவளோடது." பொன்னழகு செம்மஞ்சள் குவியலைக் காட்டினாள். "இது நம்மளது. அந்தா அழுகிக் கெடக்குதே, அதுவும் நம்மளது. ஒவ்வொரு கருதா என் கையால பொறுக்கிப் பிரிச்சிருக்கேன். சந்தேகம்னா நீங்களே மணியப் பாத்துக்கங்க."

பக்கத்து அம்பாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோலைமுத்துவின் மொட்டைத் தலை வியர்த்தது. மனைவியை அடிப்பார், இல்லை கத்துவார் என்று கௌசல்யா நினைத்தாள். அவர் மெல்ல உட்கார்ந்தார். பஞ்சாமிர்த டப்பாவைப் பக்கத்தில் வைத்தார். பாதத்தைத் திருப்பி, உடைந்திருந்த கொப்புளத்தைப் பார்த்தார்.

"நீ போன் போட்டப்ப எனக்குத் தெரியும்த்தா" என்றார் கௌசல்யாவிடம். "ஊர்லருந்து கெளம்புறப்பவே தெரியும். வெள்ளிக்கெழம படுதாவுக்கு அடியில கைய விட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. மால போட்டாச்சு, ஊரே கெளம்பி நிக்குது, எப்படி வரலைன்னு சொல்றதுன்னு... நடந்துட்டேன். முருகா ஆறிரட்டும், முருகா ஆறிரட்டும்னு வழி நெடுக அதையேதான் கேட்டுக்கிட்டுப் போனேன். மலையேறியும் அதத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல."

"அவருகிட்டக் கேட்டத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா வெள்ளிக்கெழமையே பிரிச்சிருப்போமே மாமா" என்றாள் கௌசல்யா. "உங்களதுல பாதியாவது தப்பிச்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவள் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு அவளிடம் நிறைய இருந்தது. மூன்று நாள் வெயிலில் கிண்டும்போது மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அந்தக் காலைப் பார்த்ததும் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. அதற்காக, போனால் போகிறது என்று பாதியைத் தூக்கிக் கொடுக்கவும் தோன்றவில்லை.

"எத மொதல்ல அடிக்க?" என்றார் இஷாக்.

"அவளோடத" என்றாள் பொன்னழகு.

மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பொன்னழகு கூடையில் கதிரை வாரிக் கொடுக்க, இஷாக் மேலே நின்று வாயில் தள்ளினார். சக்கை ஒரு பக்கம் பறந்தது. கீழே குழாயில் சோளம் கொட்டத் தயாராக இருந்தது. கௌசல்யா ஒரு கையால் சாக்கின் வாயை விரித்துப் பார்த்தாள். தனியாக முடியவில்லை. முதல் மணிகள் பாறையில் சிதறின. அவள் திரும்பி, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"மாமா, வந்து சாக்கப் பிடிங்க!"

சோலைமுத்து நிமிர்ந்து பார்த்தார். கையை ஊன்றி எழுந்து, தாங்கித் தாங்கி நடந்து வந்தார். குழாய்க்கு அடியில் குனிந்து, இரண்டு கையாலும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். செம்மஞ்சள் மணி சடசடவென்று விழுந்தது. தூசி எழும்பி அவர் மொட்டைத் தலையிலும் சந்தனத்திலும் படிந்தது. கௌசல்யா சாக்கை உலுக்கி உலுக்கி அமுக்கிவிட்டாள். "இந்தப் பக்கம் சாயுது, தூக்கிப் பிடிங்க" என்றாள். தூக்கிப் பிடித்தார். மூட்டை நிறைகிறவரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. நிறைந்ததும் அதை மெல்ல நகர்த்திவிட்டு, பார்க்காமலே அவள் பக்கம் கையை நீட்டினார்.

"அடுத்த சாக்கக் குடு."

கொடுத்தாள்.